சுவரின் சூடு

செப்டம்பர் 3, புதன்கிழமை

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது.

நானும் உன் அத்தையும் நலம். நலம் என்னும் சொல்லை இந்த வீட்டில் இப்போது எந்தப் பொருளில் எழுதுகிறேன் என்பதை நீ அறிவாய். கடிதத்துக்கு ஒரு தொடக்கம் வேண்டும் என்பதால் அதை விடாமல் வைத்திருக்கிறேன். உன் உடல்நிலை எப்படி? வேளைக்கு உண்கிறாயா?

ஜூன் 21-ஆம் தேதி அவன் நம்மை விட்டுப் போனான். 26-ஆம் தேதி நான் உன் வீட்டிலிருந்து புறப்பட்டபோது, வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவதாகச் சொன்னாய். சொன்னபடி பேசினாய், உன்மேல் குறையில்லை. என் இடது காது என்னோடு சேர்ந்தே ஓய்வுபெற்றுவிட்டது. வலது காது அரைநாள் ஊழியம் பார்க்கிறது. ஆகவே இனிக் கடிதம் எழுதுவோம். கடிதத்தில் தேதி இருக்கும், பேச்சில் இருக்காது.

அவனுடைய கட்டுரையின் ஆறு பக்கங்களையும் பெரிதாக நகலெடுத்து, கண்ணாடிச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். சென்ற ஆண்டு நவம்பரில் அச்சாகி வந்த அன்றே மூன்று முறை படித்தேன். அரசிதழ் அச்சகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவனுக்குப் பொருள் விளங்காமல் படிப்பது புதிதன்று. நான்காம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி மிகை. மற்றபடி பிழையில்லை. வருகிறவர்களிடம், "முதல் பெயர் என் மகனுடையது, பாருங்கள்" என்று காட்டுகிறேன். "என்ன கண்டுபிடித்தார்?" என்று கேட்டால் விழிக்கிறேன். நாம் ஆமை என்று கூப்பிட்ட பிள்ளை எதையோ மெதுவாக்கினான் என்பது வரை எனக்குத் தெரியும். மேற்கொண்டு நீதான், அவனோடு ஆய்வகத்தில் அதே குழாயின் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள், எனக்குப் புரியும்படி எழுத வேண்டும்.

இன்னொன்று. மார்ச் 14, வெள்ளிக்கிழமை வருவதாக எழுதியிருந்தான். 17-ஆம் தேதி அத்தைக்குக் கண் அறுவை. கட்டு அவிழ்க்கும்போது எதிரில் நிற்பதாகச் சொன்னவன் வரவில்லை. "ஒரு வேலை பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன்" என்று ஒரே வரி வந்தது. ஏப்ரலிலும் அதே வரி, மே மாதத்திலும் அதே வரி. அது என்ன வேலை? உனக்குத் தெரிந்திருக்கும்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மாமா


செப்டம்பர் 19

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம்.

நான் சௌக்கியமாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன். அத்தையின் கண் எப்படி இருக்கிறது? இன்னொரு கண்ணுக்கும் நாள் குறித்துவிட்டார்களா?

நீங்கள் கேட்டதை என்னால் முடிந்தவரை சொல்கிறேன். உங்கள் கூடத்தைவிட நீளமான ஓர் எஃகுக் குழாய். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவோம். ஒரு முனையில் ஊசித்துளை வழியாக வாயுவை ஒரே ஒரு பீய்ச்சு. மூலக்கூறுகள் துப்பாக்கிக் குண்டு வேகத்தில் வரும். குழாய்க்குள் வழிநெடுகச் சோடி சோடியாகக் கம்பிகள். அவற்றுக்கு மின்னழுத்தம் கொடுத்தால், மூலக்கூறுக்கு அது ஒரு மேடு. மேட்டில் ஏற ஏற வேகம் குறையும். அப்படியே விட்டால் மறுபக்கம் இறங்கி, இழந்ததையெல்லாம் திரும்பப் பெற்றுவிடும். அதனால் உச்சியைத் தொடும் கணத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடுவோம். மேடு மறைந்துவிடும், இறங்க இடம் இருக்காது. உடனே எதிரே அடுத்த மேடு. இப்படி நூற்றுக்கும் மேல். கடைசியில் நடக்கிற வேகத்துக்கு வந்து, பிறகு நின்றே விடும்.

வெப்பம் என்பதே ஓட்டம்தான், மாமா. ஓட்டம் அடங்கினால் குளிர். அப்படிக் குளிர்ந்து நின்றதை மின்புலத்தால் ஆன ஒரு கிண்ணத்தில் பிடித்து வைப்போம். அது எதையும் தொடாமல் மிதக்கும்.

இவ்வளவு பாடும் எதற்கென்றால், மெதுவாக மோதுவதைப் பார்ப்பதற்கு. "அவசரமா முட்டிக்கிறவங்ககிட்ட ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது. மெள்ள முட்டிக்கிறவங்கதான் தங்களைக் காட்டிக்குவாங்க" என்பார் அவர். கிண்ணத்தில் பிடித்தவை நிரந்தரமாக இருப்பதில்லை. சில வினாடிகளில் பாதி காணாமல் போய்விடும். குழாயில் மிஞ்சிய காற்று அதற்குக் காரணமில்லை என்று அவர் காட்டினார். ஆகவே அவை தங்களுக்குள் மோதித்தான் வெளியேறுகின்றன என்று முடிவு செய்து, அத்தனை குளிரில் அந்த மோதல் எவ்வளவு வலியது என்பதற்கு ஓர் எண் கணக்கிட்டார். அந்த எண்தான் கட்டுரை. மற்ற ஆய்வகங்களிலும் அதை அவர் பெயரைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள்.

இங்கே வேலை நிறைய. பிறகு எழுதுகிறேன்.

உங்கள் மருமகள்


செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை

அன்பு மருமகளுக்கு,

இருவரும் இருக்கிறோம். நீயும் நலமாயிருக்க வேண்டும். உன் கடிதத்தில் கிழமை இல்லை. 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமை; நானே எழுதிக்கொண்டேன்.

உன் விளக்கம் தெளிவானது. உன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். ஏறிய மேட்டை இறங்குமுன் எடுத்துவிடும் முறையைக் கேட்டுவிட்டு, "பாவம், ஏறினதுக்கு ஒரு இறக்கம் வேணாமா?" என்றாள். என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன்: எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பை மெதுவாக்கி அசையாமல் நிறுத்த நூறு சோடிக் கம்பிகள் தேவைப்பட்டதில்லை, ஒரு மேலாளர் போதும். அவன் இருந்திருந்தால் சிரித்திருப்பான். சிரிப்பதற்கும் நேரம் எடுத்துக்கொள்வான்.

வருகிறவர்களிடம் இப்போது தடுமாறாமல் சொல்கிறேன்: "தம்முள் மோதிக்கொள்பவை ஒரே இடத்தில் தங்கா. இதை என் மகன் அளந்து காட்டினான்." சொல்லும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் தோன்றுகிறது. அவனும் நானும் ஒரு கூரையின்கீழ் இருந்த காலத்தில் எதற்குத்தான் மோதவில்லை? அவன் இவ்வளவு தொலைவு போய் வேலை தேடிக்கொண்டதற்குக் காரணம் கேட்டால், எவரும் சொல்லாமலே எனக்குத் தெரியும். இது நிற்க.

என் முந்தைய கடிதத்தில் கேள்விகள் இரண்டு. ஒன்றுக்கே விடை வந்தது. மார்ச் 14 பற்றி நீ எழுதவில்லை.

உன் மாமா


நவம்பர் 2, ஞாயிறு

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம்.

நலம்தானே? தாமதத்துக்கு மன்னியுங்கள். மூன்று முறை எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

மாமா, நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த எண் தவறு.

அக்டோபரில் கிண்ணத்தைச் சுற்றி ஒரு செப்பு உறை பொருத்தப்பட்டது. அதில் திரவ நைட்ரஜனை ஓடவிட்டு, சுற்றுச்சுவரை உறையும் குளிருக்குக் கொண்டுபோனோம். வாயு அதே வாயு, கிண்ணம் அதே கிண்ணம், சுவரை மட்டும் குளிர்வித்தோம். சில வினாடிகளில் கலைந்துபோனவை இப்போது இருமடங்குக்கும் மேலான நேரம் அப்படியே நிற்கின்றன. தங்களுக்குள் மோதிப் போயிருந்தால், சுவர் எப்படி இருந்தால் அவற்றுக்கு என்ன?

காரணம் இதுதான். நம் கைக்குச் சூடாகத் தெரியாத சாதாரணச் சுவரும் எப்போதும் கொஞ்சம் வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கிறது. அதில் ஒரு துளியை வாங்கிக்கொண்ட மூலக்கூறு வேறு மாதிரிச் சுழலத் தொடங்கும். சுழற்சி மாறினால் கிண்ணத்தால் அதைப் பிடித்து வைக்க முடியாது. அவை ஒன்றையொன்று தள்ளவில்லை, மாமா. சுற்றியிருந்த சுவரின் சூடுதான் அவற்றை வெளியே அனுப்பியது.

கட்டுரை வெளியான இதழிலேயே ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். வேறோர் ஊரில் ஓர் ஆராய்ச்சி மாணவி அந்த எண்ணை அடிப்படையாக வைத்துப் புதுக் குழாயே கட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு எழுதிக் கேட்கிறாள், தன் கணக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று. இன்னும் பதில் போடவில்லை. முதலில் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அத்தையின் இரண்டாவது கண் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே.

உங்கள் மருமகள்


நவம்பர் 13, வியாழக்கிழமை

மருமகளுக்கு,

உன் கடிதம் 11-ஆம் தேதி மாலைத் தபாலில் வந்தது. இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். கோபத்தில் எழுதிய வாக்கியத்தில் எழுவாய் ஒருபுறமும் பயனிலை ஒருபுறமும் நிற்கும்.

நான் திருத்தப் பிரிவின் தலைவனாக ஒன்பது ஆண்டுகள் இருந்தவன். அரசிதழில் வந்த பிழைக்குத் திருத்தம் எழுதும் வேலை. இரண்டு விதிகளை எங்கள் பிரிவு ஒருபோதும் மீறியதில்லை. முதலாவது, பிழை யாருடையது என்று திருத்தத்தில் எழுதலாகாது. பக்கம், வரி, 'இவ்வாறு இருப்பதை இவ்வாறு படிக்க' என்பதோடு நிறுத்த வேண்டும். இரண்டாவது, எழுதியவரின் ஒப்புதல் இல்லாமல் எந்தத் திருத்தமும் அச்சுக்குப் போகாது. நீ வெளியிட நினைப்பதில் அவன் பெயர் இருந்தே தீரும். ஏனெனில் அந்த எண்ணுக்கே அவன் பெயர். ஒப்புதலை எங்கே போய் வாங்குவாய்?

அவன் போய் ஐந்து மாதம் நிறையவில்லை. அவன் விட்டுப்போனது ஆறு பக்கம். பிள்ளை இல்லை, வீடு இல்லை. ஆறு பக்கம்தான். அதிலும் நீயே கோடு கிழிக்க வேண்டுமா?

ஒன்றுக்கு மட்டும் விடை சொல். 'உறை பொருத்தப்பட்டது' என்று எழுதியிருக்கிறாய். யார் பொருத்தினார்கள் என்பதை விழுங்கிய வாக்கியம் அது. இத்தகைய வாக்கியங்களோடு நான் ஆயுள் முழுவதும் பழகியிருக்கிறேன். சுவரைக் குளிர்விக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? அவன் நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

அத்தை இரண்டாம் கண்ணுக்கு மறுக்கிறாள். காரணம் கேட்க வேண்டாம்.

மாமா


டிசம்பர் 20, சனி

மாமாவுக்கு வணக்கம். இருவரும் சுகம் என்று நம்புகிறேன். எனக்கு லேசான சளி, வேறொன்றும் இல்லை.

அவர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

ஒரு வழி யோசித்தேன். குழாயின் கடைசிப் பகுதியில், லேசரை வைத்து எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணும் வேலை என்னுடையது. எண்ணியதில் பிழை, அது என் பிழை என்று நானே எழுதி, என் பெயரை மட்டும் போட்டு அனுப்பிவிடுகிறேன். அவர் பெயர் வராது. நீங்கள் சரி என்றால் போதும்.

அந்தப் பெண் மறுபடியும் எழுதியிருக்கிறாள். தன் கைதான் சரியில்லையோ என்று சந்தேகப்படுகிறாளாம்.

மருமகள்


ஜனவரி 5, திங்கட்கிழமை

மருமகளுக்கு,

சளி குறைந்ததா? வெந்நீர் குடி. 

உன் யோசனையை ஏற்க மாட்டேன். செய்யாத பிழையைச் செய்ததாக அச்சிடுவது இரண்டாவது பிழை. திருத்தத்தில் பொய் எழுதியவனை எங்கள் பிரிவில் ஒருநாளும் வைத்திருக்கமாட்டோம். நீ எண்ணியதில் தவறு இருந்ததா? இருந்திருந்தால் நவம்பரிலேயே சொல்லியிருப்பாய்.

நான் கேட்பது பெரிதன்று. ஜூன் 21 வரை பொறு. ஓராண்டாவது அந்தச் சட்டத்துக்குள் அவன் பிழையின்றி இருக்கட்டும்.

ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று உனக்குத் தோன்றும். சென்ற ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி அவனுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். 'சொன்ன தேதிக்கு வராதவன் இனி எனக்குத் தேதி குறிக்க வேண்டாம்' என்று. வேறு வரி அதில் இல்லை. எங்கள் ஊர்த் தபால் உன் வீட்டுக்கு எட்டு அல்லது ஒன்பது நாளில் வரும். அதற்குப் பிறகுதான் அவனுக்குக் காய்ச்சல். அவனுக்கு நான் கடைசியாகச் சொன்னது அது. அதற்குமேல் சொல்ல என்னிடம் அந்த ஆறு பக்கங்கள்தான் இருக்கின்றன.

மார்ச் 14 அன்று அவனை வரவிடாத வேலை எது? மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்.

மாமா


பிப்ரவரி 16, திங்கட்கிழமை

மருமகளுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

ஜனவரி 5-ஆம் தேதிக் கடிதத்துக்கு விடை வரவில்லை. தபால் நிலையத்தில் விசாரித்தேன். தாமதம் எதுவும் இல்லை என்கிறார்கள். 

மாமா


மருமகளுக்கு அத்தை ஆசீர்வாதம். தேதி மாமாவைக் கேட்டாத்தான் தெரியும். கேக்க மாட்டேன், ஏன்னா இது அவருக்குத் தெரியாம எழுதறது.

எப்படிம்மா இருக்கே? இளைச்சுப் போயிருப்பே. நான் ஒத்தைக் கண்ணால எழுதறேன். வரி கோணலா போனா போகட்டும். இந்த வீட்டுல ஒரு காகிதமாவது திருத்தாம வெளியே போகட்டும்.

உன் மாமா தினம் தபால்காரர் வர்ற நேரத்துக்கு வாசல்ல போய் நிக்கிறார். என்ன பண்றீங்கன்னா காத்து வாங்கறேன்கிறார். தபால்காரர் தாண்டிப் போனதும் காத்து போதும்னு உள்ளே வந்துடுறார். அந்தக் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு அவன் பேரே தேஞ்சுடும்போல. உன் கடுதாசியெல்லாம் எனக்கும் படிச்சுக் காட்டினார். தப்புங்கிற இடம் வந்தப்போ மட்டும் இருமினார். எனக்குக் கண்ணுதான் ஒண்ணு, காது ரெண்டும் இருக்கு.

எனக்கு அந்த எண்ணெல்லாம் தெரியாது. தப்புன்னா தப்பு, திருத்தினா போச்சு. சின்ன வயசுல அவன் கணக்குல தப்பு போட்டா அப்பாவுக்குத் தெரியாம ரப்பர் கொடுத்தது நான்தான். அழிச்சு அழிச்சுக் காகிதமே கிழிஞ்சுடும். அவ்வளவு நேரம் எடுத்துப்பான். "ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க, எனக்கு ஆமையே பொறந்திருக்கே"ன்னு திட்டுவேன். "ஓட்டோட பொறந்திருக்கேன்மா, வாடகை மிச்சம்"பான்.

நீ ஒண்ணை மறைக்கிறே. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்காதே. நானும் ஒரு வீட்டுக்கு மருமகளா வந்தவதான், மறைக்கிற வேலையெல்லாம் எனக்குத் தெரியும். அன்னிக்குக் கட்டு அவிழ்த்தப்போ எதிர்ல டாக்டரும் உன் மாமாவும் நின்னாங்க. உன் மாமாவைப் பாக்கிறதுக்கு எனக்கு எதுக்கு ஆபரேஷன்? அதான் இன்னொரு கண்ணு வேணாம்னுட்டேன்.

அவன் ஏன் வரலை? எங்க மேல வெறுப்பா? உங்களுக்குள்ள சண்டையா? எதுவா இருந்தாலும் சொல்லு. தெரிஞ்சது ஒருநாள் அழவைக்கும். தெரியாததுதான் தினம் உக்காந்து தின்னுது.

அத்தை


மார்ச் 14, சனிக்கிழமை

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கோணல் வரிகளை விரலால் தடவிக்கொண்டே படித்தேன். சளி விட்டுவிட்டது. இளைக்கவில்லை, நம்புங்கள்.

வெறுப்பில்லை, அத்தை. சண்டையும் இல்லை.

சென்ற வருடம் பிப்ரவரியில் ஆய்வகத்தில் ஏசி பழுதாகி, ஒரு வாரம் அறை புழுங்கிப்போனது. அந்த வாரம் கிண்ணத்திலிருந்து மூலக்கூறுகள் கொஞ்சம் சீக்கிரமாகப் போயின. கொஞ்சம் என்றால், நூற்றுக்கு நான்கு. எங்கள் வேலையில் அதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நானே "விடுங்க, வெறும் இரைச்சல்" என்றேன். அவர் விடவில்லை. காற்று கூடியிருக்கிறதா என்று அளந்தார், கூடவில்லை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "சுவருதான். நான் தப்பா அச்சடிச்சுட்டேன்" என்றார்.

உங்களிடம் வர டிக்கெட் எடுத்திருந்தார். பிப்ரவரி 27-ஆம் தேதி ரத்து செய்தார். "அம்மா கண்ணுக்கு நேரா நிக்கணும், போயிட்டு வாங்க. பிழை எங்கேயும் ஓடிப்போயிடாது" என்று சொன்னேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பா ஆயுசு முழுக்க மத்தவங்க பிழையைப் பிடிச்சவர். அவர் பையன் ஊரெல்லாம் பரவின பிறகு தன் பிழையைப் பாத்திருக்கான். வெறுங்கையோட போய் அதை எப்படிச் சொல்றது? அவர் அதைக் கண்ணாடி போட்டு மாட்டப் போறேன்னு எழுதியிருக்கார். திருத்தத்தையும் சேத்து எடுத்துட்டுப் போறேன். ரெண்டையும் ஒண்ணா மாட்டட்டும். அதுவரைக்கும் நீ மூச்சு விடக்கூடாது."

அந்தச் செப்பு உறையை நினைத்தவர் அவர். வரைந்தவரும் அவர். மூன்று வாரத்தில் முடியும் என்று நினைத்தார். அதனால்தான் 'ஒரு வேலை பாக்கி' என்று எழுதினார். ஆனால் பற்றவைத்த இடம் ஒவ்வொன்றும் குளிரில் சுருங்கி, விரிசல் விட்டு ஒழுகியது. உரித்துவிட்டு மறுபடி பற்றவைப்பார். லேத் பட்டறைக்காரர் ஒருநாள் பொறுமை இழந்து, "ஏங்க, உள்ளே வைக்கப்போறது கண்ணுக்கே தெரியாதுங்கிறீங்க. அதுக்கு இவ்வளவு கெட்டியா வீடு எதுக்கு?" என்று கேட்டார். "கண்ணுக்குத் தெரியாததுதான் சீக்கிரம் கோச்சுக்கிட்டுப் போயிடுது" என்றார் இவர். ஜூன் மாதம் காய்ச்சல் வந்தபோது மேல்மூடி ஒன்றுதான் பாக்கி.

மூடியைப் பட்டறைக்காரரும் நானும் முடித்தோம். அக்டோபரில் முதல்முறை நைட்ரஜனை ஓடவிட்டு, நான் எண்ணத் தொடங்கினேன். எண்ணிக்கை விழவில்லை. அவர் சொன்ன இடத்தில் அப்படியே நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அத்தை. அவர் அச்சிட்டது தவறு என்று காட்டுகிற கோட்டைப் பார்த்து, அவர் சொன்னது சரி என்று சந்தோஷப்பட்டேன். பட்டறைக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, "அப்போ ஐயா ஜெயிச்சாரா, தோத்தாரா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

மாமாவிடம் ஏன் மறைத்தேன் என்றால், முதலில் உங்கள் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு. பிறகு, அவரை உங்களிடம் வரவிடாமல் செய்தது ஒரு செப்புத் தகடு என்று எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மாமா மூன்று முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் எழுதிவிட்டுக் கிழித்தேன்.

இன்று என்ன தேதி என்று மாமாவைக் கேட்காமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் மருமகள்


மார்ச் 27, வெள்ளிக்கிழமை

அன்பு மகளுக்கு மாமா எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

அத்தைக்கு நீ எழுதிய கடிதம் 24-ஆம் தேதி வந்தது. படித்து முடித்தவள் அதை என்னிடம் நீட்டி, "எழுத்து மங்கலா இருக்கு, படிச்சுக் காட்டுங்க" என்றாள். எழுத்து மங்கலாக இல்லை. படித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு இடங்களில் நிறுத்த வேண்டியிருந்தது. அவள், "இருமாதீங்க, படிங்க" என்றாள்.

நூற்றுக்கு நான்கு. ஆறு பக்கங்களை மூன்று முறை படித்த நான் பிடித்தது ஒரு காற்புள்ளி. அதே பக்கங்களில் அவன் பிடித்ததை நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் பிரிவில் அத்தகைய கண் ஒருவருக்கும் இருந்ததில்லை, எனக்கும் இல்லை. இதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பரில் உனக்கு இரண்டு விதிகளை எழுதினேன். எழுதியவனின் ஒப்புதல் வேண்டும் என்றேன்; அந்த ஒப்புதலைச் செம்பில் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பிழை செய்தவன் பெயரை எழுதலாகாது என்றேன். அது சரியான விதி. ஆனால் பிழையைக் கண்டவன் பெயரை எழுதலாகாது என்று எங்கும் விதி இல்லை. இருப்பதாக நினைத்துக்கொண்டே நாங்கள் எல்லோரும் ஓய்வுபெற்றோம். என் பெயர் ஓர் அரசிதழிலும் வந்ததில்லை. அவன் பெயர் வரட்டும்; முதலில் வரட்டும். நீ மொழிபெயர்த்துக்கொள்ளும்படி, எனக்குத் தெரிந்த முறையில் எழுதியிருக்கிறேன்:

'திருத்தம். சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு நவம்பர் இதழில் வெளியான எங்கள் கட்டுரையில், பிடித்துவைக்கப்பட்ட மூலக்கூறுகள் தம்முள் மோதி வெளியேறுகின்றன என்று கூறியிருந்தோம். அவ்வாறன்று. அவற்றை வெளியேற்றியது சுற்றியிருந்த சுவரின் சூடு. அங்கே தரப்பட்ட எண்ணை எவரும் பயன்படுத்த வேண்டாம். இப்பிழையைக் கண்டவர் கட்டுரையின் முதல் ஆசிரியர். அதை மெய்ப்பிக்கும் செப்பு உறையை அவர் தொடங்கினார். அவருடைய மனைவியும் ஒரு பட்டறைத் தொழிலாளரும் முடித்தனர்.'

அந்த மாணவிக்கு இன்றே எழுது. அவள் கையில் குறையில்லை என்பதை முதல் வரியில் சொல்.

கூடத்துச் சட்டத்தைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்து வைத்திருக்கிறேன். திருத்தச் சீட்டு ஒட்டாத பிரதியை எங்கள் அலுவலகம் பிரதியாகவே ஏற்காது. நீ அச்சில் வந்ததை அனுப்பு, ஒட்டிவிட்டு மாட்டுகிறேன். அந்தக் காற்புள்ளியையும் பென்சிலால் அடித்துவிட்டேன். வருகிறவர்களிடம், மோதிக்கொள்பவை ஒரே இடத்தில் தங்கா என்று இனிச் சொல்ல மாட்டேன். அதை நான் எங்கள் இருவரையும் பற்றி எவ்வளவு எளிதாக நம்பிவிட்டேன் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இரண்டாம் கண்ணுக்கு மருத்துவர் ஏப்ரல் 6 என்கிறார். உன் அத்தை சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அவ வருவாளா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 2-ஆம் தேதியிட்ட என் கடிதம் அவன் கைக்கு வந்ததா என்பதைப் பற்றி நீ இதுவரை ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுத வேண்டாம்.

திருத்தத்தின் கீழே தேதிக்கு இடம் விட்டிருக்கிறேன். நீ வருவதற்கும் நாள் சொல்லவில்லை. இரண்டையும் நீயே பார்த்துப் போட்டுக்கொள். நான் குறித்த தேதிகள் போதும்.

இப்படிக்கு,
உன் மாமா